ரெஜினாள் பாடாத தாலாட்டு

வண்டிப்பெரியார்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

ஏசுதாஸ் எழுதுகிறேன். நேற்று மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்ததும் உன்னைப் போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். போனில் எனக்கு வாக்கியம் பாதியில் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் உன் மகன் ஷிஜுவிடம் பேசும்போதும் அப்படித்தான் நின்றது. அவன் கோபித்துக்கொண்டான், நான் வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். தாள் கிழித்துக் கிழித்துத்தான் இவ்வளவாவது வந்தது.

ஷிஜு தன் பெரியம்மாவின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வெளியிட்டது நல்ல காரியம். உன் அக்கா ரெஜினாள் கண் மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது பஸ்ஸில், கடையில், யாருடைய போனிலிருந்தாவது அவள் குரல் வருகிறது. சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன் ஒரு நாள். கடைக்காரர் வீரபாண்டி, "என்ன சார், அம்மா கூப்பிடுறாங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். வாங்கிய காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தொகுப்பில் ஒன்பது பாட்டு. எட்டு, எங்கள் சூசையப்பர் கோயில் பாடற்குழு முன்பு போட்ட கேசட்டுகளிலிருந்து எடுத்தவை. அவள் பாட, நான் பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்தவை. அந்தக் கேசட்டுகளைக் கொடுத்ததே நான். ஒன்பதாவதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அது கிறிஸ்துமஸ் தாலாட்டு. 'சாணி மெழுகிய கொட்டிலிலே சாமி நீ கண் வளராய்.' எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ரெஜினாள் அதைக் கோயிலில் பாடியிருக்கிறாள். எங்கள் அமலன், ஒன்பது மாதக் குழந்தை, எண்பத்தொன்று டிசம்பரில் காய்ச்சலில் போனான். அதற்குப் பிறகு பாடவில்லை. கேசட் பதிவெல்லாம் அதற்கும் பிறகுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பூசையிலும் குடிலின் முன் அந்தப் பாட்டு வரும்போது அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வாள். வேறொருத்தி பாடுவாள். நான் காரணம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமா அது?

ஆகவே இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? இறந்தவர் குரலைக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். ஷிஜுவிடம் அதைத்தான் கேட்டேன். "கொஞ்சம் கிளீன் பண்ணினேன் பெரியப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றான். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு வார்த்தை குழறியது. எங்கிருந்து எடுத்தாய் என்றதற்கு, "அம்மாகிட்ட கேளுங்க" என்றான்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளன்று இந்தப் பாட்டுகளைக் கல்லறைத் தோட்டத்தில் ஒலிபெருக்கியில் போடலாம் என்கிறார் எங்கள் பங்குத்தந்தை ஜோபி அச்சன். ரெஜினாளும் அமலனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவள் பாடாத தாலாட்டை அவள் குரலில் அந்த இடத்தில் போட நான் எப்படிச் சம்மதிப்பேன்? தவறாக நினைத்திருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் பதில் எழுது.

ஏசுதாஸ்


கொழிஞ்சாம்பாறை
17 செப்டம்பர் 2024

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. அக்கா போன பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். நான் எப்படி இருக்கிறேன் என்று அதில் ஒரு வரி இல்லை. என் மகன் திருடனா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். வாத்தியார் எழுத்து என்பதால் மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு உங்களைப் போல் பத்தி பிரித்து எழுத வராது. வந்ததை எழுதுகிறேன்.

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தது என் தப்பு. மருமகள் ஜிஸ்மி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். "ஏனுங்கத்தை, உங்க அத்தான் எங்க வீட்டுக்காரரைப் பொய்க்காரன்னு எழுதியிருக்காருங்களா?" என்றாள். நான் இல்லை என்றேன். ஷிஜு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உடும்மா. அவருக்கு ஆர்மோனியப் பெட்டிதான் பெரியம்மா. பெட்டி சொன்னாத்தான் நம்புவாரு" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான், ஆனால் சோறு அப்படியே இருந்தது.

ராத்திரி பகல் பார்க்காமல் அந்தப் பையன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலை இது. கல்யாண வீட்டு வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்துப் பிழைக்கிறவன். இதில் அவனுக்கு என்ன கிடைத்தது? பெரியம்மா பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் செய்தான்.

அந்தத் தாலாட்டு அக்கா பாடியதுதான். என் காதால் கேட்டேன். எப்போது, எங்கே என்று கேட்காதீர்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆள் செத்துப்போனால் சத்தியமும் செத்துவிடுமா, எனக்குத் தெரியவில்லை. பங்குச் சாமியிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

என்னை நம்புங்கள். அது போதாதா?

கத்தரீனாள்


வண்டிப்பெரியார்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

முதலில், நீ எப்படி இருக்கிறாய்? சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாயா? போன கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். எழுதும்போது மனதில் இருந்தது, தாளில் வரவில்லை.

என்னிடம் சொல்லக் கூடாது என்று ரெஜினாள் சத்தியம் வாங்கினாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். நீ மகனைக் காப்பாற்றுவதற்காக எழுதியதாக இருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கமும் வருகிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். நம்பச் சொன்னால் எனக்கு நம்பத் தெரிவதில்லை, சரிபார்க்கத்தான் தெரியும். ஆகவே ஒரு சோதனை செய்தேன்.

எங்கள் கோயில் ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயியில் தைவதம் பேசாது. மலைப் பனியில் ரீடு களிம்பு பிடித்து, நான் வாசிக்க உட்காரும் முன்பே அது ஊமையாகியிருந்தது. பழுது பார்க்கத் தேனியிலிருந்து ஆள் வர வேண்டும். ஒவ்வொரு பாதிரியாரிடமும் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்டேன். அந்தச் சுரம் வரும் இடத்தில் நான் அதற்கு முந்தைய கட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடுவேன். ரெஜினாளுக்கு நான் வாசித்தது எப்போதும் ஒரே சுருதி. அவளும் அந்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடுவாள். சங்கீதம் இல்லாமல் சொன்னால், ஏணியில் ஒரு படி உடைந்திருக்கிறது. அதில் கால் வைக்காமலே ஏறிப் பழகியவள் அவள். புதிதில் இந்தத் தாலாட்டை என்னோடு பாடியபோதும் அப்படித்தான் ஏறினாள்.

மதிய வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பது பாட்டையும் இந்த ஒரு விஷயத்துக்காகவே கேட்டேன். எட்டுப் பாட்டிலும் அந்தப் படி இல்லை. மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில், 'வாசலிலே நிற்கின்றாய், வழி மறந்தேன் நான் அம்மா' என்ற வரியில் அவள் அந்த இடத்தை வழுக்கிக் கடக்கும்போது, பக்கத்தில் அவள் சேலை உரசுவது போலிருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

ஒன்பதாவது பாட்டில் அந்தக் குரல் உடைந்த படியில் நேராகக் கால் வைக்கிறது. சாவகாசமாக நிற்கிறது. பிறகுதான் இறங்குகிறது. ரெஜினாள் ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. எங்கள் பெட்டியின் குறை அவள் தொண்டைக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இதை அச்சனிடம் சொன்னேன். வாத்தியாரை மாஷ் என்றுதான் அவர் கூப்பிடுவார். "மாஷே, எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஷிஜுவின் பெயரைக் குறிப்பிட வேண்டியிருந்தது. கடுமையான வார்த்தை எதுவும் போடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஏசுதாஸ்


கொழிஞ்சாம்பாறை
9 அக்டோபர் 2024

அத்தானுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். விசாரித்ததற்கு நன்றி.

நீங்கள் அச்சனுக்கு எழுதிக் கொடுத்த தாளை யாரோ போட்டோ பிடித்து வாட்சப்பில் விட்டு, அது சுற்றிச் சுற்றி எங்கள் பங்குக்கே வந்துவிட்டது. 'இயந்திரக் குரலாக இருக்க இடமுண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். கடுமையான வார்த்தை இல்லைதான். அதைவிட நாலு வசவு எழுதியிருக்கலாம்.

எங்கள் பங்கில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவை ஷிஜுவுக்குத்தான் தருவதாகப் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பிஜு, பாடற்குழுவில் இருக்கிறவர், எல்லோரும் கேட்கச் சொல்கிறார்: "ஏனுங்க கத்தரீனாக்கா, உங்க பையன்கிட்ட குடுத்தா நாங்க பாடாமயே நாங்க பாடினதா வந்துருமாமா? சௌகரியமாப் போச்சுங்க, தொண்டை கட்டுனாலும் கவலையில்ல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷிஜு செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியில் போய் ஏறினான். அன்றிலிருந்து பதிவறையைத் திறக்கவில்லை.

இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். படித்துப் படித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அத்தான், படி உடைந்தது உங்கள் பெட்டியில். அக்கா தொண்டையில் எப்போது உடைந்தது?

நானும் அக்காவும் ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். பிள்ளையிலிருந்து அவள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான். அக்கா நேராகத்தான் பாடுவாள், நீங்கள் சொல்லும் படியெல்லாம் மிதித்து. உங்களைக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு நாள் கோயிலில் அவள் பாட்டு வேறு மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "நான் நேராப் பாடினா அவரு பெட்டி தடுமாறுறது ஊருக்கே கேக்கும்டி. நான் கொஞ்சம் வளச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் பெறகு எல்லாப் பொம்பளையும் எதையாவது வளச்சுக்கிறதுதான" என்று சொல்லிச் சிரித்தாள். அதுவே பழகிவிட்டது. மைக் முன்னால் நின்றாலும் அப்படியே வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பெட்டி இல்லாமல் அக்கா பாடி நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

என் மகன் செய்ததெல்லாம் சரி என்று நான் சத்தியம் செய்யவில்லை. அவனிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் இந்தத் தாலாட்டில் அவன் மேல் குற்றமில்லை. அச்சனிடம் போய் அதைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கெட்டது, நீங்கள் சொல்லித்தான் சரியாகும்.

கத்தரீனாள்


வண்டிப்பெரியார்
19 அக்டோபர் 2024

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. ஆர்மோனியத்தைத் திறந்து அந்தக் கட்டையை அழுத்தினேன். காற்று மட்டும் வந்தது. இத்தனை வருடம் அந்தக் காற்று வரும் இடத்தில் அவள் என்னோடு சேர்ந்து தாவினாள். நான் அதை அவளுடைய பாணி என்று நினைத்தேன். சிலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், இல்லை. அடுக்களையில் அவள் முணுமுணுப்பது முன்னறைக்குக் கேட்கும். நான் உள்ளே போனால் நின்றுவிடும். "என்ன வேணும்ங்க?" என்பாள். தண்ணீர் கேட்பேன்.

ஆனாலும் நான் இன்னும் தெளியவில்லை. என் நிலையைச் சொல்கிறேன். அந்தத் தாலாட்டு பொய் என்றால், எனக்குக் கஷ்டம் குறைவு. ஷிஜு ஆசையால் செய்துவிட்டான் என்று மன்னித்துவிடலாம். மெய் என்றால், அமலன் போன பிறகும் அவளால் தாலாட்டுப் பாட முடிந்திருக்கிறது. யாருக்கோ பாடியிருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். அப்படியானால் நான் யாரோடு குடித்தனம் செய்தேன்? சோதனை செய்தபோது அது பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். இப்போது தெரிகிறது.

அச்சனைப் பார்க்க இரண்டு நாள் போனேன். முதல் நாள் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறு நாள் யாரோ ஞானஸ்நானத்துக்காக வந்திருந்தார்கள். வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சர்ச்சை வேண்டாம், ஒன்பதாவதை விட்டுவிடுவோம். மூன்றாவது பாட்டை மட்டும் கல்லறையில் போடுவோம். அதில் யாருக்கும் சந்தேகமில்லையே, மாஷே உறுதி சொன்னதுதானே என்கிறார். நான் தலையசைத்தேன்.

நேற்று சாயங்காலம் மைக் செட் சுருளிவேல் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஒலிபெருக்கிப் பெட்டியை ஏற்றிப் போட்டுப் பார்த்தான். மழை விட்டு மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்தது. எதிர் மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். குரல் அந்த மேட்டில் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக இன்னொரு தரம் வந்தது. இரண்டு ரெஜினாள் பாடுவது போல. சுருளிவேல், "சார், அம்மாவே எக்கோ கேட்டு வாங்கிட்டாங்க" என்றான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டாவது குரல்தான் காதில் இருந்தது.

உனக்குச் சொல்ல முடியும் என்றால் சொல். முடியாது என்றால் நான் மறுபடி கேட்க மாட்டேன்.

ஏசுதாஸ்


கொழிஞ்சாம்பாறை
30 அக்டோபர் 2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே போனதும் அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஷிஜு பிறந்தது தொண்ணூறு அக்டோபரில். என் பேறுகாலத்துக்கு அக்கா வந்திருந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் உங்களோடு இல்லை, நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில். அந்தக் காலத்தில் நாங்கள் கேசட்டில் பேசித்தானே அனுப்புவோம். பிள்ளை அழுவதைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சாயங்காலம் ஷிஜு வீறிட்டான். நான் டேப் ரிக்கார்டரில் பட்டனை அழுத்தித் தொட்டில் பக்கத்தில் வைத்தேன். அழுகை நிற்கவே இல்லை. நான் எடுத்தும் நிற்கவில்லை. அக்கா அடுப்பை விட்டு வந்து அவனை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சும்மா நடந்தாள். அப்புறம் அந்தத் தாலாட்டைத் தொடங்கினாள். நான் அசையவில்லை. டேப் ஓடுவதை மறந்துவிட்டேன்.

பிள்ளை தூங்கிய பிறகு நாங்கள் பேசியதும் அதில் இருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன்.

நான் கேட்டேன்: "ஏங்க்கா, இம்புட்டு நல்லாப் பாடுற, கோயில்ல மட்டும் ஏன் பாட மாட்டேங்குற?"

அக்கா சொன்னாள்: "எனக்குப் பாட முடியும்டி. அவருக்குத்தான் வாசிக்க முடியாது. அமலன் போன அந்தக் கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சேன். மொத வரியிலயே பெட்டி நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா, மனுசன் துருத்திய இழுக்க மறந்து கட்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் இருமுற மாதிரி இருமிட்டுப் பின்னால நகந்துட்டேன். வேற ஒருத்தி எடுத்துக்கிட்டா. எனக்கு முடியலன்னே ஊரு நெனச்சுக்கட்டும். அவருக்கு முடியலன்னு அவருக்கே தெரிய வேண்டாம்."

அப்போதுதான் டேப் ஓடுவதைப் பார்த்தாள். "இது ஓடிக்கிட்டா இருக்கு? சரி, ஒம் புருசனுக்குப் போகட்டும். அவரு காதுக்குப் போகக் கூடாது. எம் மேல சத்தியம் பண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

போன வருடம் ஷிஜு தன் அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்தான். தன் அழுகையையும், தொட்டில் கயிற்றுச் சத்தத்தையும், எங்கள் பேச்சையும் நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டான். யாருக்கும் முழுசாகப் போட்டுக் காட்டக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இன்னொன்று. நேற்று அவனை உட்கார வைத்துக் கேட்டேன். உங்கள் மூன்றாவது பாட்டு. அந்தக் கேசட்டில் இரண்டாம் சரணம் வரும் இடத்தில் நாடா சிக்கிச் சுருங்கிப் போயிருந்ததாம். பாட்டு நொண்டியாக நிற்கக் கூடாது என்று, அந்தச் சரணத்தை அவனே பாடி, கம்ப்யூட்டரில் பெரியம்மா குரலாக மாற்றிச் சேர்த்திருக்கிறான். அவள் வளைக்கும் இடம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். "பெரியப்பா ஒம்போதாவதக் கேட்டப்போ மூணாவதக் கண்டுபிடிச்சுட்டார்னுதாம்மா எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்தப் பாட்டைக் கல்லறையில் போட வேண்டாம். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். நீங்கள் 'அலோ, அலோ' என்றீர்கள். நேற்று ராத்திரி வந்த அந்தப் பேசாத அழைப்பு நான்தான்.

கத்தரீனாள்


வண்டிப்பெரியார்
11 நவம்பர் 2024

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி, திங்கட்கிழமை வந்தது. கல்லறைத் திருநாள் முடிந்திருந்தது.

மூன்றாவது பாட்டைத்தான் போட்டார்கள். தூறல் இருந்ததால் மெழுகுவத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு எல்லோரும் அவரவர் கல்லறையில் நின்றார்கள். இரண்டாம் சரணம் வந்தது. 'வாசலிலே நிற்கின்றாய்.' நான் என்றும் செய்யாத ஒரு காரியம் செய்தேன். வாய்விட்டுப் பேசிவிட்டேன். "ரெஜினா, வீட்டுல ரொம்பத் தனியா இருக்கு" என்றேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அவள் உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு வாக்கியத்தை அவளிடம் நான் சொன்னதில்லை. ஒரு சரணத்திடம் சொன்னேன். அது ஷிஜு என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் சோதனை மெய்யைப் பொய் என்றது, பொய்யை மெய் என்றது. அதற்கு அவன் பொறுப்பல்ல. ஆனால் இப்போது அவள் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் அந்தச் சரணம்தான் முதலில் வருகிறது. அதை நகர்த்திவிட்டு அவளைத் தேட வேண்டியிருக்கிறது. சில நாள் கிடைக்கிறாள். சில நாள் இல்லை.

எண்பத்தொன்று கிறிஸ்துமஸைப் பற்றி ரெஜினாள் சொன்னதாக நீ எழுதியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று அந்தப் பாட்டை நான் கடைசிவரை வாசித்தேன் என்றே இவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கிறேன். எந்தக் கட்டையில் முடித்தேன் என்பதுகூட எனக்குத் தெரியும். அவள் பின்னால் நகர்ந்ததைப் பார்த்து, 'பாவம், இவளால் முடியவில்லை' என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. நாற்பது வருடமும் அவளுக்காகத்தான் நான் வாய் திறக்காமல் இருந்தேன். அப்படித்தான் என் கணக்கு இருந்தது.

நேற்று ஞாயிறு. பூசை முடிவில் அச்சனிடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். "என் மனைவி ரெஜினாளின் ஒன்பதாவது பாட்டைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது" என்று தொடங்கினேன், நின்றுவிட்டது. பின்னாலிருந்து சுருளிவேல், "சார், மைக்கு ஆன்லதான் இருக்கு, பேசுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாக இருந்தது. அந்தப் பாட்டு அவள் பாடியதுதான், என் சோதனை தவறு, ஷிஜுவின் பெயரை நான் எழுதியது தவறு என்று சொல்லி முடித்தேன். அதையே எழுதி உங்கள் பங்குக்கும் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது பாட்டைப் பற்றி நான் பேசவில்லை. அது ஷிஜு சொல்ல வேண்டியது. சொல்லுவான் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டாலும் அதைப் பற்றி என்னிடமிருந்து ஒரு தாளும் போகாது.

மாலையில் அவன் கூப்பிட்டான். கேசட்டில் உள்ளதை வெட்டாமல் ஒட்டாமல், தன் அழுகையும் உங்கள் பேச்சுமாக அப்படியே அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்கு வருத்தமாக இருந்திருக்கும். காரணத்தை அவனிடம் சொல்ல வரவில்லை, உனக்கு எழுதுகிறேன். அது வந்தால் நான் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எந்த வார்த்தை அவள், எந்த மூச்சு அவள் என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன். நான் கேட்க விரும்பியதே அதில் இருக்கிறது என்பதற்காகவே அதைச் சந்தேகிப்பேன். என் காது அப்படி ஆகிவிட்டது.

ஆனால் அந்தச் சாயங்காலம் நீ அந்த அறையில் இருந்தாய்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறேன். ஜிஸ்மியைப் பெரிதாக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல். யாரும் எதையும் போட்டுக் காட்ட வேண்டாம். ரெஜினாள் என்னைப் பற்றிச் சொன்னதை நீ எனக்கு எதிரே உட்கார்ந்து, உன் வாயால் சொல். இடையில் நான் எழுந்து போனால் கூப்பிடாதே. முற்றத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்.

ஏசுதாஸ்